தொழிற்பயிற்சிக்கு அங்கீகாரம்: கோப்பைப் பார்த்தால் மட்டும் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தொழிற்பயிற்சி பற்றிய செய்திகளில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் சான்றிதழ் வாங்கினார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்ற கணக்குகளே பெரும்பாலும் வருகின்றன. அந்தச் சான்றிதழுக்குப் பின்னால் இருக்கும் பாடத்திட்டம் எப்படித் தயாரானது, அதற்கு அங்கீகாரம் கொடுத்தவர்கள் எதைப் பார்த்துக் கொடுத்தார்கள் என்பது பேசப்படுவதே அரிது. பயிற்சியின் தரம் அங்கேதான் தீர்மானமாகிறது. பாடத்திட்டம் வகுப்பதிலும் மதிப்பீட்டிலும் ஈடுபட்டிருப்பவர்கள் என்ற முறையில் இரண்டு கோரிக்கைகளை முன்வைக்கிறோம். பாடங்களை எழுதத் தொடங்கும் முன்பே இறுதிச் செய்முறைத் தேர்வை வடிவமைத்து முடிக்க வேண்டும். அந்தத் தேர்வு நடப்பதை நேரில் பார்க்காமல் எந்தப் படிப்புக்கும் முழு அங்கீகாரம் தரக் கூடாது.

இப்போது பல இடங்களில் நடப்பது இதற்கு நேர்மாறு. பழைய பாடநூலின் பொருளடக்கத்தை எடுத்துக்கொள்கிறார்கள். அத்தியாயத்துக்கு இத்தனை மணி நேரம் என்று பிரிக்கிறார்கள். எல்லாம் முடிந்த பிறகு, அவசர அவசரமாகத் தேர்வைப் பற்றி யோசிக்கிறார்கள். பாடநூலில் உள்ளது தேர்வில் வந்துவிடும். வேலையிடத்தில் உள்ளது வராது.

தொடங்க வேண்டிய இடம் வேலையைப் பிரித்துப் பார்ப்பது. இதற்கு 1960களில் கனடாவில் உருவான 'டேக்கம்' என்ற முறை இன்றும் பல நாடுகளில் நன்றாகப் பயன்படுகிறது. அந்தத் தொழிலில் கை தேர்ந்த 5 முதல் 12 பேரை இரண்டு நாட்கள் ஓர் அறையில் உட்காரவைத்து, நெறியாளர் ஒருவர் கேள்வி கேட்டு, அவர்கள் செய்யும் வேலையைப் பொறுப்புகளாகவும் பணிகளாகவும் சுவரில் ஒட்டிக்கொண்டே போவார். ஒரு தொழிலுக்குப் பொதுவாக 75 முதல் 125 பணிகள் வரை தேறும். ஒவ்வொரு பணியும் ஒரு வினைச்சொல்லில் முடிய வேண்டும்: 'பம்ப்பின் சீல் வளையத்தை மாற்றுதல்' என்பது பணி, 'பம்ப்புகள்' என்பது வெறும் தலைப்பு.

இதில் பெரும்பாலும் கெட்டுப்போவது ஆள் தேர்வு. பயிற்றுநர்களையும் மேலாளர்களையும் கொண்டே குழுவை நிரப்பிவிடுகிறார்கள். பயிற்றுநர் தான் நடத்தும் பாடத்தைச் சொல்வார். மேலாளர் வேலை எப்படி நடக்க வேண்டும் என்று தான் விரும்புவதைச் சொல்வார். தினமும் அந்த வேலையைச் செய்பவரும் அவருக்கு நேர் மேலே உள்ள மேற்பார்வையாளரும்தான் அந்த அறையில் பேச வேண்டியவர்கள். பயிற்றுநர்கள் ஓரமாக உட்கார்ந்து கேட்கலாம். பிறகு அந்தப் பட்டியலைக் குழுவில் இல்லாத வேறு தொழிலாளர்களிடம் கொடுத்து, ஒவ்வொரு பணியும் எவ்வளவு முக்கியம், எவ்வளவு அடிக்கடி வருகிறது, கற்றுக்கொள்ள எவ்வளவு கடினம் என்று மதிப்பெண் போடச் சொல்ல வேண்டும். அபூர்வமாக வந்தாலும் தவறினால் உயிர் போகும் பணிகள் இந்தக் கட்டத்தில்தான் கண்ணில் படும். 'அடிக்கடி வருகிறதா' என்று மட்டும் கேட்டால் அவை பாடத்திட்டத்திலிருந்து காணாமல் போய்விடும்.

அடுத்தது, ஒவ்வொரு பணியையும் எப்படிச் செய்தால் சரி என்று சொல்லும் அளவுகோலை எழுதுவது. ஒரு படிப்பு உருப்படுமா என்பதை இந்தப் பக்கங்களைப் பார்த்தே சொல்லிவிடலாம். எலக்ட்ரீஷியன் படிப்பை எடுத்துக்கொள்வோம். 'மின் பாதுகாப்பின் முக்கியத்துவத்தை அறிவார்' என்று எழுதியிருந்தால் அதை எந்த மதிப்பீட்டாளராலும் கண்ணால் பார்க்க முடியாது. 'வேலைக்கு முன் மின்சாரத்தைத் துண்டிப்பார்' என்பது கொஞ்சம் பரவாயில்லை, ஆனாலும் போதாது. வேலை தெரிந்தவர் செய்வது இது: வேலை செய்யப்போகும் சர்க்யூட் எது என்று உறுதி செய்கிறார், பிரேக்கரை அணைத்துப் பூட்டுப் போட்டு, எச்சரிக்கை அட்டையைத் தொங்கவிட்டு, சாவியைத் தன்னிடமே வைத்துக்கொள்கிறார், கையிலுள்ள டெஸ்டரை மின்சாரம் இருப்பது உறுதியான ஓர் இடத்தில் வைத்து அது வேலை செய்கிறதா என்று பார்க்கிறார், பிறகு வேலை செய்யும் இடத்தில் பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே, பேஸுக்கும் எர்த்துக்கும் இடையே, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே சோதிக்கிறார், கடைசியாக டெஸ்டரை மறுபடியும் மின்சாரம் உள்ள இடத்தில் வைத்துச் சரிபார்க்கிறார்.

அந்தக் கடைசிப் படியைத்தான் பயிற்சி பெறுபவர்கள் அதிகம் விடுகிறார்கள். இடையில் டெஸ்டரின் பேட்டரி தீர்ந்திருந்தாலோ வயர் உள்ளே அறுந்திருந்தாலோ, மின்சாரம் ஓடும் கம்பியிலும் அது ஒன்றும் காட்டாது. 'மின்சாரம் இல்லை' என்ற விடைக்கு அந்த மறுசோதனை இருந்தால்தான் மதிப்பு. அளவுகோலில் இந்தப் படி எழுதப்படவில்லை என்றால் பயிற்றுநர் அதை வலியுறுத்த மாட்டார், மதிப்பீட்டாளர் கேட்க மாட்டார், பயிற்சி பெற்றவர் செய்ய மாட்டார்.

அளவு சொல்லும் இடங்களில் அளவும் வேண்டும். 'இன்சுலேஷன் (மின்காப்பு) சரியாக உள்ளதா எனச் சோதிப்பார்' என்பதற்குப் பதில், 'வீட்டு இணைப்புச் சர்க்யூட்டில் மின்னணுச் சாதனங்களைக் கழற்றிவிட்டு, 500 வோல்ட் டி.சி.யில் சோதித்து, மின்தடை 1 மெகா ஓமுக்குக் குறைவாக இருந்தால் ஏற்க மறுப்பார்' என்று எழுதினால் பயிற்சியும் தேர்வும் தாமாகவே ஒழுங்குக்கு வரும்.

மணிநேரக் கணக்கில் நடக்கும் குளறுபடி தனிக் கதை. படிப்பின் அளவைக் கிரெடிட் என்ற அலகில் சொல்கிறார்கள். ஐரோப்பிய உயர்கல்வி முறையில் ஒரு கிரெடிட் 25 முதல் 30 மணி நேரக் கற்றலைக் குறிக்கும். பிரிட்டிஷ் தகுதிகளில் அது 10 மணி. இந்தியாவின் தேசிய கிரெடிட் கட்டமைப்பில் 30 மணி. வகுப்பு, செய்முறை, சொந்தப் படிப்பு, தேர்வு எல்லாம் சேர்ந்ததுதான் இந்த மணிகள். படிப்பின் நிலை என்பது வேறு. ஐரோப்பியத் தகுதிக் கட்டமைப்பின் 8 நிலைகளும் அறிவு, திறன், எவ்வளவு தூரம் தானே பொறுப்பேற்று வேலை செய்கிறார் என்பவற்றை வைத்துப் பிரிக்கப்பட்டவை. படிப்பை நீட்டினால் நிலை உயராது. ஆனாலும் நிலையை உயர்த்திக் காட்டுவதற்காக மணிகளைக் கூட்டிய பாடத்திட்டங்கள் தொடர்ந்து வருகின்றன.

இதைவிடக் கவலை தருவது, தாளில் உள்ள மணி நேரம் பயிற்சி பெறுபவரின் கைக்குப் போய்ச் சேராதது. வெல்டிங் படிப்பு ஒன்றில் 200 மணி நேரம் செய்முறை, 30 பேர், 5 மெஷின்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 200-ஐ 5-ஆல் பெருக்கி 30-ஆல் வகுத்தால் ஒருவருக்குக் கிடைப்பது 33 மணி நேரம் சொச்சம். மீதி நேரமெல்லாம் வேடிக்கை. ஒரு மெஷின் பழுதாகிவிட்டால் 27 மணிக்கும் குறைவு. சான்றிதழிலோ 200 மணி என்று அச்சாகும்.

இரும்பையும் கணக்குப் போட வேண்டும். வெல்டர் தகுதிக்கான ஐ.எஸ்.ஓ. 9606-1 என்ற சர்வதேசத் தரத்தில் சோதனைக்கான தகடு ஒவ்வொன்றும் குறைந்தது 200 மி.மீ. நீளம், 125 மி.மீ. அகலம். 10 மி.மீ. தடிமனில் இரண்டு தகடுகள் சேர்ந்தால் கிட்டத்தட்ட 4 கிலோ. 30 பேரும் ஆளுக்கு ஐந்தே ஐந்து முழு இணைப்புகள் போட சுமார் 590 கிலோ தகடு வேண்டும், எலக்ட்ரோடு தனி. அங்கீகாரம் கேட்டு வரும் விண்ணப்பத்தில் மெஷின்களின் படம் இருக்கும், வகுப்பறையின் பரப்பளவு இருக்கும். ஒரு பேட்ச்சுக்கு எத்தனை கிலோ தகடு வாங்கப்படுகிறது என்ற வரி இருக்காது. அந்த ஒரு வரியைக் கேட்டாலே பயிற்சி நடக்கிறதா இல்லையா என்பது தெரிந்துவிடும்.

மதிப்பெண் முறையில் ஒரு பொறி இருக்கிறது. எழுத்துத் தேர்வுக்கு 40, செய்முறைக்கு 60, மொத்தத்தில் 50 எடுத்தால் தேர்ச்சி என்று வைத்தால், மேலே சொன்ன மின்சோதனையை முழுதாக விட்டவரும் எழுத்துத் தேர்வில் ஈடுகட்டித் தேறிவிடுவார். ஆகவே சில படிகளை 'தவறினால் தேர்ச்சி இல்லை' என்று தனியாகக் குறிக்க வேண்டும். அதிலும் நிதானம் தேவை. ஒரு தேர்வில் ஐந்தாறு படிகளை அப்படிக் குறித்தால் மதிப்பீட்டாளர் அவற்றைக் கண்டிப்போடு பார்ப்பார். நாற்பதைக் குறித்தால் ஒருவரும் தேற முடியாது. பிறகு மதிப்பீட்டாளரே எல்லாவற்றுக்கும் கண்ணை மூடிக்கொண்டு டிக் போடத் தொடங்கிவிடுவார்.

வடிவமைத்த தேர்வை உடனே பயிற்சி பெறுபவர்கள் மேல் ஏவக் கூடாது. முதலில் அந்தத் தொழிலில் நல்ல பெயர் எடுத்தவர்களிடம் நடத்திப் பாருங்கள். அவர்கள் தோற்றால் கோளாறு தேர்வில். பிறகு அந்த வேலையே தெரியாத சிலரிடம் நடத்துங்கள். அவர்கள் தேறிவிட்டால் அந்தத் தேர்வு எதையும் அளக்கவில்லை. அடுத்து, ஒரே ஆள் செய்யும் வேலையை இரண்டு மதிப்பீட்டாளர்கள் பேசிக்கொள்ளாமல் தனித்தனியாக மதிப்பிட வேண்டும். எந்த வரியில் அவர்கள் வேறுபடுகிறார்களோ, பெரும்பாலும் அந்த வரியின் எழுத்துதான் தெளிவில்லாமல் இருக்கும். 'இணைப்பு நேர்த்தியாக உள்ளது' என்ற வரியில் இருவர் ஒத்துப்போவது கடினம். 'டெர்மினலுக்கு வெளியே செம்பு தெரியவில்லை, இழுத்தால் வயர் கழன்று வரவில்லை' என்று மாற்றினால் சண்டை தீர்ந்துவிடும். வெல்டிங்கில் கண்ணால் பார்ப்பது மட்டும் ஒருபோதும் போதாது. மேலே அழகாக இருக்கும் இணைப்புக்குள் உலோகம் சரியாக உருகிச் சேராமல் இருக்கலாம். வளைத்தோ உடைத்தோ எக்ஸ்ரே போன்ற சோதனை செய்தோ பார்த்தால்தான் அது தெரியும்.

இனி அங்கீகாரம். இந்த ஒரே சொல்லால் மூன்று வெவ்வேறு காரியங்களைக் குறிக்கிறோம்: படிப்பின் தகுதியை ஏற்பது, மையம் அதை நடத்தத் தகுந்தது என ஏற்பது, மதிப்பீட்டாளர் மதிப்பிடத் தகுந்தவர் என ஏற்பது. ஒன்று கிடைத்தால் மூன்றும் கிடைத்ததாக விளம்பரம் செய்யப்படுகிறது. சேர வருபவர்கள் எது கிடைத்திருக்கிறது என்று கேட்க வேண்டும். பயிற்சி கொடுத்தவரே மதிப்பிடவும் கூடாது. ஆட்களுக்குத் தகுதிச் சான்று தரும் அமைப்புகளுக்கான ஐ.எஸ்.ஓ. 17024 தரம் பாரபட்சமின்மையை அடிப்படை நிபந்தனையாக வைப்பது இதனால்தான். எத்தனை பேர் தேறினார்கள் என்பதை வைத்து மையத்துக்குப் பணம் வந்தால், அங்கேயே மதிப்பீடும் நடந்தால், முடிவு எந்தப் பக்கம் சாயும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஆய்வுக்கு வருபவர்கள் முன்கூட்டியே தேதி சொல்லி, ஒரு நாளில் கோப்புகளைப் புரட்டிவிட்டுப் போகும் முறை மாற வேண்டும். கருவிகளை இரவல் வாங்கி ஒரு நாளுக்கு அடுக்கி வைப்பது எளிது. 30 பேரின் கையில் திறமையை ஒரே நாளில் ஏற்றி வைக்க முடியாது. முதல் பேட்ச்சுக்குத் தற்காலிக அனுமதி மட்டும் கொடுங்கள். அந்த பேட்ச்சின் இறுதித் தேர்வில் ஆய்வாளர் ஓரமாக நின்று பார்க்கட்டும். தேறியவர்களில் சிலரையும் தேறாதவர்களில் சிலரையும் தானே தேர்ந்தெடுத்து அவர்களின் மதிப்பீட்டுத் தாள்களைக் கேட்டு வாங்கட்டும். ஒருவர் கூடத் தோற்காத பேட்ச் என்றால் இன்னும் கூர்ந்து பார்க்கட்டும்.

அங்கீகாரத்துக்கும் காலாவதித் தேதி வேண்டும். ஐ.எஸ்.ஓ. 9606-1 படி, வெல்டர் அந்த வகை வேலையைத் தொடர்ந்து செய்துவருகிறார் என்று 6 மாதத்துக்கு ஒருமுறை கையெழுத்து வாங்காவிட்டால் அவரது சான்றே செல்லாது. ஒரு தொழிலாளிக்கு இவ்வளவு கெடு வைக்கும்போது, மெஷின்களும் விதிகளும் மாறிய பிறகும் பழைய பாடத்திட்டம் ஆண்டுக்கணக்கில் அங்கீகாரத்தோடு ஓடுவது நியாயமே இல்லை.

செய்முறைத் தேர்வு இப்படித் தெளிவாக எழுதப்பட்டால் இன்னொரு பெரிய நன்மையும் உண்டு. பள்ளிக்கோ பயிற்சி மையத்துக்கோ போகாமல் வேலையிடத்திலேயே தொழிலைக் கற்றவர்கள் ஏராளம். அவர்களை மறுபடியும் வகுப்பில் உட்காரவைக்காமல், அதே தேர்வை நேரடியாக எழுதவிடலாம். குறைவது எது என்று தெரிந்தால் அந்த அலகை மட்டும் படித்தால் போதும். தேர்வைத் தாய்மொழியில், தேவைப்பட்டால் வாய்மொழியாக நடத்த வேண்டும் என்பதையும் அளவுகோலோடு சேர்த்தே எழுதிவிட வேண்டும்.

அங்கீகாரம் பெற்ற ஒவ்வொரு படிப்பும் சேர்க்கைக்கு முன்பே மூன்று விவரங்களை வெளியிட வேண்டும் என்று விதி வர வேண்டும்: செய்முறைத் தேர்வின் சரிபார்ப்புப் பட்டியல், ஒருவருக்கு மெஷினில் கிடைக்கும் உண்மையான மணி நேரம், அங்கீகாரம் முடியும் தேதி. முதலாவதை வெளியிட்டால் கேள்வி வெளியாகிவிடும் என்று சிலர் அஞ்சுவார்கள். டெஸ்டரை மறுபடி சரிபார்க்க வேண்டும் என்பது எல்லோருக்கும் முன்பே தெரிந்திருந்தால் அதைவிட நல்ல செய்தி வேறில்லை. தேர்வு நாளில் அதைக் கையால் செய்துதான் காட்ட வேண்டும்.

இப்படிக்கு,
தொழிற்பயிற்சிப் பாடத்திட்டம், மதிப்பீட்டுப் பணிகளில் உள்ளோர் சிலர்