தரங்கம்பாடியில் ஒரு முழுப் பகல் தங்க வழி செய்யுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திருக்கடையூரில் மணிவிழா முடித்துவிட்டு உறவினர்களோடு தரங்கம்பாடிக்கு வரும் வேன்கள், பெரும்பாலும் அரை மணி நேரத்துக்கு மேல் இங்கே நிற்பதில்லை. கோட்டை வாசலில் இறங்கிக் கடலைப் பின்னணியாக வைத்துப் படம் எடுத்துக்கொள்பவர்கள், வேளாங்கண்ணிக்கு நேரமாகிறது என்று ஓட்டுநர் ஒலி எழுப்பியதும் ஏறிப் போய்விடுகிறார்கள். இந்த ஊரில் ஒரு பகலை நிதானமாகக் கழிக்க முடியும் என்பதும், அதற்குக் கோடிக்கணக்கில் செலவு தேவையில்லை என்பதும், கரீபியன் கடலில் இதே டேனிஷ் வரலாற்றைச் சுமந்து நிற்கும் ஒரு துறைமுக ஊரில் ஒரு பகல் தங்கிய பிறகு எனக்கு உறுதியாகப் புலப்பட்டது.

செயின்ட் தாமஸ் தீவிலுள்ள சார்லட் அமலி என்பது அந்த ஊர். தஞ்சை ரகுநாத நாயக்கரோடு செய்துகொண்ட உடன்படிக்கையின்படி 1620இல் இங்கே வந்து டான்ஸ்போர்க் கோட்டையைக் கட்டிய டேனிஷ்காரர்கள், அரை நூற்றாண்டு கழித்து அந்தத் தீவில் குடியேறி, 1672இல் அங்கும் துறைமுகத்தை ஒட்டி ஒரு கோட்டையைக் கட்டத் தொடங்கினார்கள். தரங்கம்பாடியை 1845இல் ஆங்கிலேயருக்கு விற்ற அவர்கள், செயின்ட் தாமஸையும் அதன் அண்டைத் தீவுகளையும் 1917இல் 2.5 கோடி டாலருக்கு அமெரிக்காவுக்கு விற்றார்கள்.

அமெரிக்காவில் வாழும் மகள் குடும்பத்தாரோடு மியாமியிலிருந்து உல்லாசக் கப்பலில் சென்றபோது அந்த ஊரைப் பார்த்தோம். காலையில் கரை சேரும் கப்பல் மாலையில் புறப்பட்டுவிடும். இளையவர்கள் மேகன்ஸ் விரிகுடாவில் நீந்தப் போய்விட, நானும் என் மனைவியும் கப்பல் நிறுவனம் விற்கும் சுற்றுலாச் சீட்டு எதையும் வாங்காமல், துறைமுகச் சாலையோரமாகச் சுமார் 2 கிலோமீட்டர் நடந்தே ஊருக்குள் சென்றோம். நடக்க முடியாதவர்களுக்கு, லாரியின் பின்புறத்தில் வரிசையாகப் பலகைகள் அமைத்துப் பக்கங்களைத் திறந்து விட்ட வாடகை வண்டிகள் ஓடுகின்றன. அமெரிக்கப் பகுதியாக இருந்தும் வண்டிகள் நம் நாட்டைப் போலவே சாலையின் இடப்பக்கத்தில் செல்வதால், தெருவைக் கடப்பதில் எங்களுக்குத் தடுமாற்றம் ஏற்படவில்லை.

சிவப்பு வண்ணம் பூசிய அந்தக் கோட்டையைப் பார்த்துவிட்டு, அருகிலுள்ள விடுதலைத் தோட்டத்தின் நிழலில் நெடுநேரம் உட்கார்ந்திருந்தோம். அந்தத் தீவுகளில் கறுப்பின மக்களின் அடிமைத்தளை 1848 ஜூலை 3 அன்று அறுந்ததை நினைவுகூரும் தோட்டம் அது. நம் ஊர் கைமாறியபோது அங்கே அடிமைமுறை நீங்கியிருக்கவில்லை என்பதை, வரலாறு கற்பித்தவன் என்ற முறையில் அங்கே உட்கார்ந்துதான் கணக்கிட்டுப் பார்த்தேன். எதிரே தெரிந்த பச்சை நிறக் கட்டடத்தில்தான் 1917இல் டேனிஷ் கொடி இறங்கியது. பிறகு, டென்மார்க்கிலிருந்து கப்பலின் அடிப்பாரமாக வந்த செங்கற்களால் கட்டிய படிக்கட்டில் மெல்ல ஏறினோம். அதற்குத் தொண்ணூற்றொன்பது படி என்று பெயர் இருந்தாலும் உண்மையில் 103 படிகள் உள்ளன. 1833இல் கட்டிய யூதர் கோயிலின் தரையில் இன்றும் மணல் பரப்பி வைத்திருக்கிறார்கள். பழைய டேனிஷ் கிடங்குகளில் இயங்கும் நகைக்கடைகளில், அவற்றில் சில நம் நாட்டுச் சிந்தி வணிகர்களுடையவை, எங்களுக்கு வேலை இருக்கவில்லை. கப்பலுக்குத் திரும்ப வேண்டிய நேரம் ஒன்றைத் தவிர வேறு எந்த அவசரமும் அன்று இல்லை.

அந்த ஊரை அப்படியே பின்பற்ற வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சுமார் 42,000 பேர் வாழும் தீவில் ஒரே நாளில் பல கப்பல்கள் வந்தால் தெருக்கள் திணறுகின்றன. கடைத்தெருவும் கப்பலை நம்பியே பிழைக்கிறது. தரங்கம்பாடிக்கு அத்தகைய கப்பல்கள் வரப் போவதில்லை, வரவும் வேண்டாம். வேனில் வருகிறவர்கள் நான்கு மணி நேரம் கூடுதலாகத் தங்கினால் போதும்.

தங்கிப் பார்க்க இங்கே குறைவா என்ன? 1792இல் கட்டிய நகர வாயிலில் தொடங்கி அரசர் வீதி வழியே கடல் வரை நடந்தால், 1701இல் எழுந்த சீயோன் தேவாலயம், 1718இல் எழுந்த புதிய எருசலேம் தேவாலயம், 1706இல் வந்திறங்கித் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்ட சீகன்பால்குவின் நினைவிடங்கள், கோட்டை, அலை பாதி தின்றுவிட்ட மாசிலாமணிநாதர் கோயில் எல்லாம் அடுத்தடுத்து வருகின்றன. சார்லட் அமலியில் முழங்கால் வலிக்க மேடேற வேண்டியிருந்தது. இங்கே முழுதும் சமதரை. ஆனால் வெயில் அங்கு உள்ளதைவிடக் கடுமையானது. நடுப்பகலில் கோட்டை மதில் மீது யாராலும் நிற்க முடியாது. எனவே காலையில் வேனை விட்டிறங்கி நடந்து, நண்பகலில் மீன் குழம்புச் சாப்பாடும் ஓய்வும் முடித்து, வெயில் தாழ்ந்த பின் கடற்கரைக்குச் செல்வதே பொருத்தம். மீனவப் பெண்களின் சுய உதவிக் குழுக்களுக்கு ஒரு கூரையும் குடிநீர்க் குழாயும் கொடுத்தால் அந்தச் சாப்பாட்டை அவர்களே பொறுப்பேற்று நடத்துவார்கள். வேன்களுக்கு நிறுத்தக் கட்டணத்தை மணிக்கணக்கில் வாங்காமல் நாள் கணக்கில் வாங்கினால் ஓட்டுநர்களும் அவசரப்படுத்த மாட்டார்கள்.

அரசர் வீதியின் இருபுறமும் புங்கையும் பூவரசும் நட்டு, அவற்றின் கீழ் சாய்வுள்ள இருக்கைகள் போட வேண்டும். சார்லட் அமலியில் எங்களை நாள் முழுவதும் தாங்கியது கோட்டையிலுள்ள அருங்காட்சியகத்தைவிட அந்தத் தோட்டத்து நிழல்தான். கட்டடங்களின் வரலாற்றைத் தமிழில் சொல்லும் பலகைகளும், கோட்டை வாசலில் கொடுக்க ஒற்றைத்தாள் வரைபடமும் தேவை. மாவட்ட நிர்வாகத்தால் எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் செய்ய முடியாவிட்டால், மணிவிழாத் தம்பதியர் அறுபது வயதானவர்கள் என்பதைக் கருதி, தூய்மையான கழிப்பறைகளையும் இருக்கைகளையும் முதலில் அமைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். பலகைகளும் வரைபடமும் அடுத்த ஆண்டு வந்தாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
பொறையார்.