அந்தப் பலகையை எடுத்துவிடுங்கள்

மாநகராட்சி ஆணையர் அவர்களுக்கு வணக்கம்.

எங்கள் பகுதிப் பூங்கா உடற்பயிற்சிக் கூடத்தில் நடந்ததை மறுபடி விவரிக்கத் தேவையில்லை. மனு கொடுத்தோம், உங்கள் அலுவலர்களும் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். பெரியவர் ஒருவர் கிழிந்த ரப்பர் விரிப்பில் கால் மாட்டி விழுந்தார். அப்போது அவர் கையில் எடை எதுவும் இல்லை. மறு வாரமே '60 வயதுக்கு மேற்பட்டோருக்கு அனுமதி இல்லை' என்று பலகை மாட்டிவிட்டார்கள். கிழிந்த விரிப்பு இன்னும் அப்படியேதான் கிடக்கிறது.

அந்தப் பலகையை எடுக்க வேண்டும் என்று கேட்கத்தான் இந்த மடல்.

"இந்த வயசுல எதுக்கும்மா வெயிட்டு? காலாற நடங்க, போதும்" என்றார் வந்த அலுவலர். மரியாதையாகத்தான் சொன்னார். நடப்பது நல்லதுதான். அரசே 2023இல் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை ஒதுக்கி 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று தொடங்கியது. நாங்களும் நடக்கிறோம். ஆனால் கீழே விழுந்தவர் எழுந்து நிற்பதற்கு நடை மட்டும் போதாது.

எங்களோடு பயிற்சிக்கு வந்த ஓர் அம்மா தனியாக வசிக்கிறார். ஒருநாள் இரவு குளியலறையில் வழுக்கி உட்கார்ந்துவிட்டார். எலும்பு முறியவில்லை, ரத்தக் காயம்கூட இல்லை. எழத்தான் முடியவில்லை. கையை ஊன்றினால் தொடை ஒத்துழைக்கவில்லை. வாளியைப் பிடித்தார், அது கவிழ்ந்தது. கூப்பிட்டுப் பார்த்தார், அக்கம்பக்கத்தில் எல்லாக் கதவும் சாத்தியிருந்தது. விடிந்து பால்காரர் வரும்வரை ஈரத் தரையிலேயே கிடந்தார். இத்தனைக்கும் தவறாமல் வாக்கிங் போகிறவர் அவர்.

அதன் பிறகுதான் கூடத்துக்கு வந்தார். முதலில் நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுவது. அப்புறம் அதையே சின்ன டம்பெல்லைப் பிடித்துக்கொண்டு செய்வது. சில மாதங்களில் தரையில் உட்கார்ந்து, ஒரு முட்டியை ஊன்றித் தானே எழுந்துவிட்டார். டவுன் பஸ் படியில் யாரும் கைகொடுக்காமல் ஏறியதை அன்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். அவரைத்தான் இப்போது வாசலிலேயே நிறுத்துகிறீர்கள்.

வயது ஏற ஏறத் தசை கரைகிறது. அதிலும், தடுக்கினால் சட்டென்று சுருங்கி நம்மைத் தாங்கிப் பிடிக்கும் இழைகள்தான் அதிகம் மெலிகின்றன. பயிற்சி கொடுத்தால் அவை மீள்கின்றன. பாஸ்டனில் முதியோர் இல்லம் ஒன்றில் 90 வயதை ஒட்டியவர்களுக்கு 8 வாரம் கால்களுக்கு எடைப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். 1990இல் வெளியான அந்த ஆய்வில், பயிற்சியை முடித்தவர்களின் கால் வலிமை சராசரியாக 174 சதவீதம் கூடியிருந்தது. 65 வயதைக் கடந்தவர்கள் வாரத்தில் 2 நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சி செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமும் 2020இல் சொல்லிவிட்டது. சாப்பிட்ட மாவுச்சத்தில் பெரும் பங்கை எடுத்துக்கொள்வதும் தசைதான் என்பதால், சுகர் உள்ளவர்களுக்கு இது இன்னும் அவசியம்.

முதியவர்கள் என்றாலே மாத்திரை, கைத்தடி, உட்கார ஒரு பெஞ்ச் என்று முடித்துவிடுகிறார்கள். இடுப்பெலும்பு முறிந்து வந்தால் அரசு மருத்துவமனையில் அறுவை சிகிச்சை செய்கிறீர்கள், அதற்குப் பணம் இருக்கிறது. விழாமல் இருக்க உடம்பைத் தயார் செய்கிறோம் என்றால் வெளியே போகச் சொல்கிறீர்கள். தனியார் ஜிம்முக்குப் பணம் கட்ட எங்களில் பெரும்பாலோருக்கு வழியில்லை. இது எங்கள் வரிப்பணத்தில் கட்டிய கூடம்.

கோபத்தில் கொஞ்சம் கூடுதலாகப் பேசிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் கவலையும் புரிகிறது. இதய நோயோ, கட்டுப்படாத பிபியோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு வரட்டும், அது நியாயம். காலையில் ஒரு மணி நேரம் எங்களுக்கென்று ஒதுக்குங்கள், பயிற்சி தெரிந்த ஒருவரை அந்த நேரத்துக்கு நியமியுங்கள், விரிப்பை மாற்றுங்கள். இதற்கெல்லாம் நாளாகும் என்றால் காத்திருக்கிறோம். பலகையை எடுக்க ஒரு திருப்புளி போதும். அதை இந்த வாரமே செய்து தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பூங்காவில் பயிற்சி செய்துவந்த முதியவர்கள் சார்பில் ஒருவர்