கூழைக்கடாவுக்கு ஆஸ்திரேலியா எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் தங்கள் நாளிதழின் நெல்லைப் பதிப்பில், குளத்து நீரில், ஆங்கிலத்தில் பெலிக்கன் எனப்படும் கூழைக்கடாக்களும் மஞ்சள் மூக்கு நாரைகளும் நிற்கும் படம் ஒன்று வெளியாகியிருந்தது. எடுத்தவரின் கைக்கு மோதிரமே போடலாம். அவ்வளவு துல்லியமான படம். ஆனால் அதன் கீழே, ஆஸ்திரேலியாவிலிருந்து நெல்லைக் குளங்களுக்கு வந்துள்ள அரிய வகைப் பறவைகள் என்று அச்சாகியிருந்த வரியைப் படித்த பிறகுதான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன். இது தங்கள் நாளிதழில் மட்டும் காணும் பிழை அன்று. ஒவ்வோர் ஆண்டும் மார்கழி, தை மாதங்களில் ஏதாவதொரு நாளிதழிலோ தொலைக்காட்சியிலோ நம் ஊர் நாரை ஒன்றுக்கு ஆஸ்திரேலியாவோ நைஜீரியாவோ சொந்த நாடாகிவிடுகிறது.

நமக்கு மார்கழிக் குளிர் அடிக்கும்போது ஆஸ்திரேலியாவில் கோடை. குளிருக்கும் இரைத் தட்டுப்பாட்டுக்கும் அஞ்சி இடம்பெயரும் பறவை, நல்ல கோடையையும் இரையையும் விட்டுவிட்டு நிலநடுக்கோட்டைத் தாண்டி இங்கே வர வேண்டிய தேவை என்ன? குளிர்காலத்தில் நம் குளங்களுக்கு வரும் வலசைப் பறவைகள் வடக்கிலிருந்து வருகின்றன. பறவையியலார் மத்திய ஆசிய வழித்தடம் என்று சொல்லும் வான்பாதையின் தென்கோடியில் நாம் இருக்கிறோம். வரித்தலை வாத்து மங்கோலியா, திபெத் போன்ற மேட்டுநில ஏரிகளில் குஞ்சு பொரித்துவிட்டு, இமயமலையைக் கடந்து நம் மாவட்டத்துக் கூந்தன்குளம் வரை வந்து சேர்கிறது. நீலச்சிறகி வாத்தும் ஊசிவால் வாத்தும் ஐரோப்பாவிலிருந்து சைபீரியா வரை விரிந்த வடநிலங்களில் பிறப்பவை. அந்தி நேரத்தில் புகை சுழல்வதுபோலக் கூட்டமாக வானில் திரும்பும் சோளக்குருவி, நடு ஆசியப் புல்வெளிகளிலிருந்து வருகிறது. வெளிநாட்டு விருந்தாளிகள் என்று எழுத வேண்டுமானால் இவற்றைப் பற்றி எழுதலாம், உண்மையாகவும் இருக்கும்.

கூழைக்கடாவும் மஞ்சள் மூக்கு நாரையும் நம் மண்ணிலேயே கூடு கட்டுகிறவை. தண்ணீரையும் மீனையும் தேடிக் குளம் விட்டுக் குளம், மாவட்டம் விட்டு மாவட்டம் போகுமே தவிரக் கடல் கடந்து வருவன அல்ல. திருநெல்வேலிச் சீமையில் கூழைக்கடாக்கள் கூடு கட்டியதைப் பற்றிய குறிப்பு 1907ஆம் ஆண்டிலேயே பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் ஆய்விதழில் வந்துவிட்டது. கூந்தன்குளத்துக் கூழைக்கடாக் குடியிருப்பைப் பற்றி அதே இதழ் 1961இல் இன்னொரு குறிப்பை வெளியிட்டது. அந்த ஊர் 1994இல் சரணாலயமாகி, 2022இல் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் இடம்பெற்றது. அங்கே போனவர்களுக்குத் தெரியும்: வீட்டுக் கொல்லை மரத்திலும் தெருவோர மரத்திலும் நாரை கூடு கட்டியிருக்கும், குஞ்சுகள் மிரளக்கூடாது என்று ஊரார் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. தலைமுறை தலைமுறையாக இப்படிக் கூடவே குடியிருக்கும் பறவையை அயல்நாட்டுக்காரன் என்று எழுதினால், அந்த ஊர்க்காரர்களின் பொறுமைக்கும் அல்லவா அது அவமரியாதை?

அரிய வகை என்ற சொல்லுக்கு வருகிறேன். எது அரிது என்பதைப் பறவையின் நிறமோ உருவமோ சொல்லாது; தொடர்ந்து எழுதிவந்த குறிப்பேடுதான் சொல்லும். நான் அஞ்சல் துறையில் கடிதம் பிரிக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். தேதியும் ஊர்ப்பெயரும் தெளிவாக விழாத முத்திரையைக் கண்டால் எரிச்சல் வரும். அந்தப் பழக்கத்தோடுதான் பறவை பார்க்கவும் போனேன். தொடங்கிய புதிதில், நெல்லை நயினார்குளத்துக் கரையோரத்தில் முதுகு முழுவதும் கருஞ்சிவப்பாக, தலையும் கழுத்தும் வெளிறிய மஞ்சளாக நின்ற கொக்கு ஒன்றைப் பார்த்துவிட்டு, இதுவரை யாரும் காணாத பறவை என்று நாலைந்து நண்பர்களுக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டேன். பக்கத்தில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த பையன் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, இது நம்ம மடையான்தான். குஞ்சு பொரிக்கப் போற நேரத்துல சட்டைய மாத்திக்கிடும்" என்றான். வருடம் முழுவதும் வயலில் மண்ணோடு மண்ணாக நிற்கும் மடையானை நான் ஒழுங்காகப் பார்த்து எழுதியிருந்தால், அது சட்டை மாற்றும் மாதமும் எனக்குத் தெரிந்திருக்கும். ஒரு சிறுவனிடம் பாடம் கேட்கவும் வேண்டியிருந்திருக்காது.

அன்றிலிருந்து காக்கை, மைனா, மடையான் எல்லாவற்றையும் எழுதுகிறேன். பறவை இல்லாத நாளில், இல்லை என்றும் எழுதுகிறேன். தை மாதக் காலையில் நயினார்குளத்துக்குப் போனால், மார்க்கெட்டில் வெங்காய மூட்டை இறக்கும் சத்தம் ஒரு பக்கம், தண்ணீர் மேல் பனி ஒரு பக்கம். வெயில் முதுகுப்பக்கம் விழும்படி கிழக்குக் கரையில் நின்றால்தான் நிறம் தெரியும். தட்டைவாயன் வாத்துகள் அகன்ற அலகைத் தண்ணீரில் பதித்தபடி வட்டமடித்துக்கொண்டிருக்கும். ஆண் நீலச்சிறகிக்குக் கண்ணுக்கு மேல் வளைந்த வெள்ளைக்கோடு உண்டு என்று நூல்களில் இருக்கும்; ஆனால் அந்தக் கோடு தையில் பல பறவைகளுக்குச் சரியாக வந்திருக்காது, மாசி பிறந்த பிறகுதான் தெளியும். இதை அறியாதவர் எல்லாவற்றையும் பெட்டை என்று எழுதிவிடுவார். எண்ணுவதற்கும் ஒரு கைப்பழக்கம் வேண்டும். பத்துப் பறவைகள் எவ்வளவு இடத்தில் அடங்கும் என்பதைக் கண்ணில் பிடித்துக்கொண்டு, அந்த அளவைக் கூட்டத்தின் மேல் நகர்த்தியபடி போக வேண்டும். ஆயிரக்கணக்கில் என்று எழுதுவது எளிது; அடுத்த ஆண்டு அதை எதனோடு ஒப்பிடுவது?

இடத்தின் பெயர் அதைவிட முக்கியம். பழைய குறிப்பு ஒன்றில் திருநெல்வேலி மாவட்டம் என்று மட்டும் இருந்தால், 1986இல் தூத்துக்குடியும் 2019இல் தென்காசியும் பிரிந்த பிறகு அந்தப் பறவையை எந்த மாவட்டத்துக் கணக்கில் வைப்பது என்று தெரிவதில்லை. பெரியகுளம் என்று எழுதினாலும் தீராது. நம் பக்கத்தில் எத்தனை ஊர்களில் பெரியகுளம் இருக்கிறது என்பது கடிதம் பிரித்தவனுக்குத்தான் தெரியும். குளத்தின் பெயர், ஊர், தேதி, நேரம், தண்ணீரின் அளவு ஆகியவை இல்லாத படம், எத்தனை அழகாக இருந்தாலும் முகவரி இல்லாத கடிதம்தான். வாட்ஸ்அப்பில் சுற்றும் படங்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். எங்கோ எடுத்த பூநாரைப் படம் இரண்டே நாளில் வேய்ந்தான்குளத்துப் படமாகிவிடுகிறது.

தண்ணீரின் அளவை ஏன் எழுத வேண்டும் என்று சிலர் கேட்கிறார்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையை யாரும் மறந்திருக்க மாட்டோம். அப்படி மறுகால் பாயும் அளவுக்குக் குளம் நிறைந்து கிடந்தால், தலையை மட்டும் நீருக்குள் விட்டு மேயும் வாத்துகளுக்கு அடிமண் எட்டாது. சேற்றில் இரை தேடும் உள்ளான்களுக்குக் கால் வைக்கச் சேறு இருக்காது. அவை வேறு இடம் தேடிப் போகும். பிசானப் பருவ நெல் அறுவடை நெருங்கிக் குளம் வற்றத் தொடங்கிச் சேற்றுத் திட்டுகள் தலைகாட்டும்போது அதே குளத்தில் உள்ளான் கூட்டம் வந்து இறங்கும். தண்ணீரின் நிலையை எழுதாமல் எண்ணிக்கையை மட்டும் எழுதி வைத்தால், பறவை குறைந்துவிட்டது என்றோ பெருகிவிட்டது என்றோ தவறான முடிவுக்குத்தான் போவோம். அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவள காப்பு மையம் 2011 முதல் தாமிரபரணிப் பாசனக் குளங்களில் தை மாத வாக்கில் தன்னார்வலர்களைக் கொண்டு நீர்ப்பறவைகளைக் கணக்கெடுத்து வருவதன் அருமை இதில்தான் இருக்கிறது. அதே பருவத்தில் ஆண்டு தவறாமல் போய் எண்ணுகிறார்கள்.

குளத்துக்குப் போக முடியாதவர்களுக்கும் இதில் வேலை உண்டு. ஐப்பசி மழை தொடங்கும் நாட்களில் ஆறுமணிக்குருவி வடக்கிலிருந்து இரவோடிரவாகப் பறந்து தெற்கே வருகிறது. வந்த களைப்பில் சில நேரம் நகரத்து வீடுகளுக்குள்ளேயே விழுந்துவிடும். பாளையங்கோட்டையில் எங்கள் தெருவில் ஒரு வீட்டில், துணி துவைக்கிற கல்லுக்கு அடியில் ஒன்று ஒடுங்கிக் கிடந்தது. பச்சை முதுகு, நீலத் தோள், வாலடியில் சிவப்பு, கண் வழியே கறுப்புப் பட்டை என்று பார்ப்பதற்குக் கிளி வியாபாரியிடமிருந்து தப்பியதுபோல இருக்கும். அந்த வீட்டு அம்மா அதை ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் இருட்டாக வைத்து, பூனையிடமிருந்து காப்பாற்றி, மாலையில் திறந்துவிட்டார். பெட்டியிலிருந்து வெளியே தத்தி வந்து இரண்டு முறை வாலை ஆட்டிவிட்டு, முருங்கை நிழலுக்குள் போய்விட்டது. இதைக்கூட வெளிநாட்டுப் பறவை என்றுதான் தெருவில் பேசிக்கொண்டார்கள். அது இமயமலை அடிவாரக் காடுகளிலும் நடு இந்தியாவிலும் குஞ்சு பொரிக்கும் நம் நாட்டுப் பறவை. அந்த அம்மா நாள்காட்டித் தாளைக் கிழித்து அதன் பின்பக்கத்தில் நேரத்தை எழுதி என்னிடம் கொடுத்தார். இந்தப் பருவத்தில் எங்கள் தெருவில் ஆறுமணிக்குருவி வந்ததற்கு இருக்கும் ஒரே சான்று அந்தத் தாள்தான். இப்போது அதை பறவை பார்ப்பவர்கள் குறிப்புகளை ஏற்றும் 'இபேர்டு' இணையப் பதிவேட்டிலும் ஏற்றியிருக்கிறேன்.

ஆகவே தங்களுக்கு என் வேண்டுகோள் சிறியது. பறவைப் படம் வெளியிடும்போது எடுத்த தேதியையும் குளத்தின் பெயரையும் சேர்த்து அச்சிடுங்கள். எந்த நாட்டிலிருந்து வந்தது என்று உறுதியாகத் தெரியாவிட்டால் நாட்டின் பெயரை விட்டுவிடுங்கள்; பறவையின் பெயர் போதும். கூடும் குஞ்சும் உள்ள படமானால் மட்டும் இடத்தைச் சொல்லாமல் விடுவது நல்லது. வேடிக்கை பார்க்க வரும் கூட்டம் கூட்டைக் கலைத்துவிடும்.

சென்ற வாரப் படத்தில் கூழைக்கடாக்கள் பதினொன்று, மஞ்சள் மூக்கு நாரைகள் ஆறு. இடது ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டு நிற்பது நத்தைகுத்தி நாரை என்று நினைக்கிறேன். எந்தக் குளம், எந்த நாள் என்று தங்கள் புகைப்படக்காரர் தெரிவித்தால் என் குறிப்பேட்டில் சேர்த்துக்கொள்வேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர் ஒருவர்,
பாளையங்கோட்டை.