வீட்டு எர்த் பற்றி எலக்ட்ரீஷியன்களுக்கு ஒரு திறந்த மடல்

வீடுகளுக்கு வயரிங் செய்யும் அண்ணன்களுக்கும் தம்பிகளுக்கும் வணக்கம்.

ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் பாடம் நடத்துகிறேன். தெரிந்தவர்கள் கூப்பிட்டால் வீடுகளுக்குப் போய்ப் பழுதும் பார்ப்பேன். இதை வீட்டுக்காரர்களுக்கு எழுதியிருக்கலாம். ஆனால் சுவருக்குள் என்ன வயர் ஓடுகிறது என்று அவர்களுக்குத் தெரியாது. நீங்கள் சொல்வதை நம்பித்தான் குடியேறுகிறார்கள். அதனால் கசியும் கரண்டை மண்ணுக்குள் இறக்கிவிடும் எர்த்தைப் பற்றி உங்களிடமே பேசுகிறேன்.

ஃப்ரிட்ஜைத் தொட்டவுடன் சுரீர் என்றால் 'எர்த் அடிக்குது' என்று ஊரெல்லாம் சொல்கிறார்கள். நாமும் சொல்கிறோம். பெரும்பாலான வீடுகளில் அங்கே எர்த் இல்லாததால்தான் அடிக்கிறது. இன்னொரு விதமாகவும் நடக்கும். எர்த்துக்கான பச்சை வயர்களெல்லாம் ஒன்றாகச் சேர்ந்திருக்கும், ஆனால் அவை மண்ணில் போய் இறங்கும் எர்த் குழியில் உயிர் இருக்காது. அப்போது ஹீட்டரில் கசிந்த கரண்ட் பச்சை வயர் வழியாகவே வாஷிங் மெஷின், கிரைண்டர் என்று எல்லாவற்றின் பாடிக்கும், அதாவது வெளி உலோகத்துக்கும், பரவிவிடும். இதைப் பார்த்த வீட்டுக்காரர், 'அந்தப் பச்சை வயரைக் கழட்டி விட்டுடுங்க' என்று கேட்பார். தயவுசெய்து கழற்றாதீர்கள். பழுது ஹீட்டரிலும் குழியிலும் இருக்கிறது.

எர்த் என்றால் மண் கரண்டை விழுங்கிவிடும் என்று மாணவர்களும் எழுதுகிறார்கள், வேலை தெரிந்தவர்களும் சொல்கிறார்கள். மண் எதையும் விழுங்குவதில்லை. டிரான்ஸ்ஃபார்மரின் நியூட்ரல், அதாவது கரண்ட் திரும்பிப் போகும் முனை, அங்கே மண்ணோடு சேர்க்கப்பட்டிருக்கிறது. நம் வீட்டுக் குழியில் இறங்கும் கரண்ட் மண் வழியாக அந்த நியூட்ரலுக்குத் திரும்பிப் போகிறது. அந்தப் பாதை எவ்வளவு லேசாக இருக்கிறது என்பதுதான் கேள்வி. இரண்டரை மீட்டர் குழாய் இறக்கி, கரியும் உப்பும் போட்டு, தண்ணீர் ஊற்றினால் அன்றைக்கு நல்ல அளவு காட்டும். கோடையில் மண் காய்ந்ததும் ஓம், அதாவது கரண்டுக்கு மண் காட்டும் தடை, ஏறும். உப்பு நாளடைவில் குழாயையே அரித்துவிடும். முன்பு இரும்புத் தண்ணீர்க் குழாயில் எர்த்தைக் கட்டிவிட்டுப் போனவர்கள் உண்டு. இன்று பாதிக் குழாயை பிளாஸ்டிக்காக மாற்றியிருப்பார்கள். அந்த எர்த் எங்கேயும் போய்ச் சேராது.

சரி, குழி நன்றாகவே இருக்கிறது, 10 ஓம் என்று வைத்துக்கொள்வோம். ஹீட்டர் லைனில் பேஸ், அதாவது கரண்ட் வரும் வயர், நேராக பாடியில் பட்டுவிட்டது. 230 வோல்ட்டை 10 ஓமால் வகுத்தால் 23 ஆம்பியர். அந்த லைனில், கரண்ட் அளவு மீறினால் தானாக விழுந்து லைனை நிறுத்தும் 20 ஆம்பியர் எம்.சி.பி. சுவிட்ச் இருக்கிறது. சி வகை எம்.சி.பி. சட்டென்று விழ வேண்டுமென்றால் ஐந்திலிருந்து பத்து மடங்கு, அதாவது 100 முதல் 200 ஆம்பியர் ஓட வேண்டும். 23 ஆம்பியருக்கு அது வெகு நேரம் விழாது, விழாமலே இருந்தாலும் ஆச்சரியமில்லை. அவ்வளவு நேரமும் ஹீட்டர் பாடியில் ஏறக்குறைய முழு வோல்டேஜும் நிற்கும். மணிக்கு ஐந்து யூனிட் மண்ணுக்குள் போய்க்கொண்டிருக்கும். குளிக்க வந்தவர் ஈரக் கையால் ஹீட்டரோடு சேர்ந்த தண்ணீர்க் குழாயைத் தொடுவார். ஈர உடம்புக்கு ஆயிரம் ஓம் என்று கணக்கு வைத்தால் 230 மில்லி ஆம்பியர் அவர் வழியாக ஓடும். பத்து மில்லி ஆம்பியரைத் தாண்டினாலே பிடித்த கையை விட முடியாமல் போகும்.

எம்.சி.பி. வயரைக் காப்பாற்ற வந்தது. மனிதரைக் காப்பாற்ற, 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே விழும் ஆர்.சி.சி.பி. சுவிட்ச் வேண்டும். பழைய பழக்கத்தில் இதையும் இ.எல்.சி.பி. என்றே கடையில் கேட்கிறோம், அது பரவாயில்லை. ஆனால் 'ஆர்.சி.சி.பி. போட்டாச்சு, இனி எர்த் எதுக்கு?' என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பேஸில் போன கரண்டும் நியூட்ரலில் திரும்பிய கரண்டும் ஒன்றாக இருக்கிறதா என்று மட்டுமே அது பார்க்கும். எர்த் இருந்தால், பாடியில் கசிவு தொடங்கியதுமே விழுந்துவிடும். எர்த் இல்லாவிட்டால் யாராவது தொட்டு, அவர் உடம்பு வழியாகக் கரண்ட் போன பிறகுதான் விழும். குழந்தை தொட்டுத்தான் பழுது தெரிய வேண்டுமா? இரண்டும் வேண்டும்.

அப்புறம், நான் மிகவும் வருத்தப்படும் ஒரு பழக்கம். எர்த் வயர் இழுக்காத வீட்டில், பிளக் பாயின்ட்டின் நியூட்ரலிலிருந்து ஒரு துண்டு வயரை எடுத்து எர்த் பின்னில் மாட்டிவிட்டு வருவது. பேஸுக்கும் எர்த் பின்னுக்கும் நடுவே பிடிக்கும் டெஸ்ட் லாம்ப் எரியும், வீட்டுக்காரருக்குத் திருப்தி. ஆனால் எங்கேயாவது நியூட்ரல் லூசானால், ஓடிக்கொண்டிருக்கும் ஃபேன், லைட் வழியாக வரும் பேஸ் அந்த எர்த் பின்னுக்கு வந்து நிற்கும். கரண்ட் போஸ்ட்டில் வேலை பார்த்துவிட்டுப் பேஸும் நியூட்ரலும் மாறிப்போனால் கேட்கவே வேண்டாம், பாடியில் நேரடியாக 230 வோல்ட். எர்த்தே இல்லாத பாயின்ட்டைவிட இது மோசம். கூலி குறைவு, வீட்டுக்காரர் வயருக்குப் பணம் தர மறுக்கிறார் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். அப்படியானால் எர்த் இல்லை என்று அவர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு வாருங்கள். இருப்பதுபோல் காட்ட வேண்டாம்.

டெஸ்ட் லாம்ப் பேச்சு வந்ததால் அதையும் சொல்லிவிடுகிறேன். 100 வாட் குண்டு பல்ப் அரை ஆம்பியர்கூட எடுக்காது. குழி 20 ஓம் இருந்தாலும் அதில் எட்டு ஒன்பது வோல்ட்தான் இறங்கும். பல்பு வெளிச்சத்தில் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. வயர் அறுந்திருக்கிறதா என்று பார்க்க பல்ப் போதும். குழி நல்லதா என்று சொல்ல அதன் ஓமை அளக்கும் எர்த் டெஸ்டர்தான் வேண்டும். தனியாக வாங்க முடியாவிட்டால் நான்கைந்து பேர் சேர்ந்து ஒன்று வாங்கி மாற்றி மாற்றி வைத்துக்கொள்ளலாம்.

ஆர்.சி.சி.பி. அடிக்கடி விழுகிறது என்று அதை பைபாஸ் செய்துவிட்டு வரும் தம்பிகளே, இன்வெர்ட்டர் லைனின் நியூட்ரலை முதலில் பாருங்கள். ஆர்.சி.சி.பி.க்குப் பின்னால் உள்ள நியூட்ரலும் இன்வெர்ட்டர் நியூட்ரலும் ஏதாவது ஒரு சுவிட்ச் பாக்ஸில் சேர்ந்திருக்கும். நியூட்ரல் எர்த்தோடு ஒட்டியிருந்தாலும் விழும். பிரித்துவிட்டால் நின்றுவிடும். அரை நாள் வேலை, அதற்கான கூலியைக் கேட்டு வாங்குங்கள்.

வேலையை முடித்துச் சாவி கொடுக்கும்போது டி.பி., அதாவது எம்.சி.பி.கள் இருக்கும் பெட்டி, அதன் கதவின் உட்பக்கம் மார்க்கரில் குழியின் ஓம் அளவையும் அன்றைய தேதியையும் எழுதிவிடுங்கள். ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்தச் சொல்லி வீட்டு அம்மாவுக்குக் காட்டிக் கொடுங்கள். அந்தப் பட்டன் எர்த்தைச் சோதிக்காது, ஆர்.சி.சி.பி.யை மட்டும்தான் சோதிக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அடுத்த கோடையில் அந்தப் பக்கம் போனால், குழியை மறுபடி அளந்து பழைய எண்ணுக்குக் கீழே புதியதை எழுதுங்கள்.

அன்புடன்,
உங்களில் ஒருவன்