ஆடி பிறப்பதற்குள் லயத்துக்கு ஒரு அடுக்களை வேண்டும்

பஞ்சாயத்து பிரசிடெண்ட் அவர்களுக்கும் வார்டு மெம்பர்கள் எல்லோருக்கும், கேரளத்துப் பீர்மேடு மலையில் பூட்டிக் கிடக்கும் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்திலிருந்து, அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளிலிருந்து, வணக்கம்.

2025 டிசம்பரில் ஓட்டுக் கேட்டு எங்கள் லயத்துக்கு வந்தீர்கள், கட்டஞ்சாயா குடித்தீர்கள். அன்று கோயில் பக்கத்தில் அடுப்பு எரிவதைப் பார்த்து என்ன விசேஷம் என்று உங்களில் ஒருவர் கேட்டார். விசேஷம் எதுவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் நாங்கள் ஏழெட்டுப் பெண்கள் கையிலிருப்பதைப் போட்டு, சோறும் பருப்பும் ஆக்கிக் கொடுக்கிறோம். வயசானவர்களுக்கு மட்டும் என்று ஒரு குண்டானில் தொடங்கினோம், இப்போது மூன்று குண்டான் வைத்தும் கடைசியில் வருகிறவர்களுக்கு வெறும் ரசம்தான் மிஞ்சுகிறது. வேலைக்குப் போகிற ஆட்களும் தூக்குவாளியோடு வந்து நிற்கிறார்கள், அதைப் பார்த்துத்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

இதைச் சொல்ல அலுவலகத்துக்கு வந்தபோது, டவுனில் மலிவு விலைச் சாப்பாட்டுக் கடையான ஜனகீய ஹோட்டல் இருக்கிறதே, அங்கே போகச் சொல்லுங்கள் என்றார்கள். சரி, போகலாம். 2020-ல் குடும்பஸ்ரீ என்ற மகளிர் குழுப் பெண்கள் 20 ரூபாய்க்கு ஊண் கொடுக்க ஆரம்பித்தபோது எங்கள் ஆட்களும் அங்கே வயிறாறச் சாப்பிட்டவர்கள்தான், அந்தப் பெண்களைக் குறை சொல்ல எனக்கு நாக்கு வராது. ஆனால் ஒரு சாப்பாட்டுக்கு 10 ரூபாய் என்று அவர்களுக்கு வந்துகொண்டிருந்த மானியம் 2023 ஆகஸ்டில் நின்றது, விலை 30 ரூபாய் ஆயிற்று, எத்தனையோ இடத்தில் அவர்களே கடன்பட்டுக் கடையைச் சாத்தினார்கள். எங்களுக்கோ டவுனுக்கு ஜீப்பில் போய்வரும் காசே சாப்பாட்டுக் காசைவிட அதிகம். அறுபது எழுபது வயதில் மழையில் மலை இறங்கி, சாப்பிட்டுவிட்டு மறுபடி ஏற வேண்டும் என்று எந்தக் கணக்கில் சொல்கிறீர்கள்?

ரேஷன் இல்லையா என்பீர்கள். இருக்கிறது, ஏழைகளுக்கான பிங்க் கார்டுக்கு ஆளுக்கு மாதம் 5 கிலோ இலவசமாகவே வருகிறது, அதை நான் மறைக்கவில்லை. முப்பது நாளுக்குப் பிரித்தால் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 170 கிராம்கூட வராது. மிகவும் ஏழைகளுக்கான மஞ்சள் கார்டு என்றால் வீட்டுக்கு 35 கிலோ, அது பரவாயில்லை. ஆனால் எங்கள் லயத்தில் ஒரே வீட்டுக்குள் குறுக்கே சேலையைக் கட்டி இரண்டு குடும்பம் இருக்கிறது, கார்டு ஒன்றுதான், கல்யாணம் ஆனவனுக்குத் தனிக் கார்டு கேட்டால் வீட்டு நம்பர் கேட்கிறார்கள், வீடோ கம்பெனியுடையது. படிவமும் மலையாளத்தில், இங்கே பாதிப் பேருக்கு வாசிக்கத் தெரியாது. அரிசி கிடைத்துவிட்டாலும் பருப்பு, எண்ணெய், மிளகாய் எல்லாம் காசுக்குத்தானே? அரசாங்கத்தின் மலிவு விலைக் கடையான மாவேலி ஸ்டோரிலும் 13 சாமானின் மானிய விலை 2024 பிப்ரவரியில் ஏறிவிட்டது. தோட்டம் பூட்டிய பிறகு ஆளுக்குக் கொஞ்சம் என்று பிரித்துக்கொண்ட தேயிலைச் செடியில் கொழுந்து கிள்ளி விற்கிற காசும், ஏலத்தோட்டத்துக்குப் போகிற கூலியும் மழை பிடித்தால் நின்றுபோகும். மலையாளிகள் பஞ்சக் கர்க்கடகம் என்பார்களே, நமக்கு அதுதான் ஆடி.

ஓணத்துக்குப் பூட்டிய தோட்டக்காரர்களுக்கு அரிசியும் கொஞ்சம் ரொக்கமும் அரசாங்கம் தருகிறது, நன்றி. ஓணம் ஆடி கழிந்துதான் வரும்.

அப்புறம் அந்த அதிதரித்ரர் லிஸ்ட், அதாவது பரம ஏழைகளின் பட்டியல். மாநிலம் முழுக்க 64,006 குடும்பங்களைக் கண்டுபிடித்து, வீட்டுக்கு வீடு திட்டம் போட்டு, 2025 நவம்பர் 1 அன்று கடும் வறுமை இங்கே இல்லை என்று அறிவித்தார்கள். அந்த வேலை செய்தவர்கள் உண்மையாக உழைத்தார்கள், நான் கண்ணால் பார்த்தேன். ஆனால் அந்தக் கணக்கெடுப்பு தொடங்கியது 2021-ல். அதற்குப் பிறகு வறுமையில் விழுந்த வீடுகளை எந்த லிஸ்டில் தேடுவது? எங்கள் லயத்தில் ஒரு பாட்டி, முப்பத்தைந்து வருஷம் கொழுந்து கிள்ளியவள், வேலை முடிந்ததும் கம்பெனி தர வேண்டிய கிராஜுவிட்டிப் பணம் வரவில்லை, அது கைக்கு வராமல் லயத்தை விட்டுப் போனால் எல்லாம் போய்விடும் என்று ஒழுகுகிற வீட்டில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் போன பிறகுதான் வருவாள். பேத்திக்குத்தான், எனக்குப் பசிக்கவில்லை என்பாள். அவள் அலுவலகத்துக்கு வந்து கை நீட்ட மாட்டாள், நீங்கள்தான் வர வேண்டும்.

நான் கேட்பது பெரிதல்ல. மூடிக் கிடக்கும் பிள்ளைப்புரை, முன்பு தாய்மார் குழந்தையை விட்டுவிட்டு மலைக்குப் போவார்களே அதே கட்டிடம், அங்கே ஆடி ஆவணி இரண்டு மாதமாவது தினம் ஒரு நேரச் சாப்பாடு. ஜனகீய ஹோட்டல்களுக்குக் கட்டிடமும் கரண்டும் தண்ணீரும் உள்ளாட்சிதானே கொடுத்தது, கிலோ 10 ரூபாய் 90 காசுக்கு அரிசியும் வந்ததே, 2020 ஊரடங்கில் சமூக அடுக்களையையும் பஞ்சாயத்துகள் நாலைந்து நாளில் தொடங்கினவே. அப்போது முடிந்தது. ஜூலை நடுவில் கர்க்கடகம் பிறக்கும், அதற்கு முன்பே கிராம சபையை லயத்திலேயே கூட்டி, தமிழில் பேசி, பெயரைப் புதிதாக எழுதுங்கள். பெயர்களை நோட்டீஸ் போர்டில் ஒட்டாதீர்கள், வருகிறவர்களும் வராமல் போய்விடுவார்கள்.

சமைக்க ஆள் இருக்கிறோம், குண்டான் இருக்கிறது, விறகும் இருக்கிறது. பிள்ளைப்புரைச் சாவி கம்பெனியிடம் இருக்கிறது, நாங்கள் கேட்டால் தர மாட்டார்கள். அதை நீங்கள் பேசி வாங்குங்கள்.