தூர்வாரும் முன் ஒரு குழாய்ச் சேறு

கொடைக்கானல் ஏரியைச் சீரமைக்கும் பொறுப்பில் இருக்கும் நகராட்சி, மாவட்ட நிர்வாக, ஈரநில ஆணைய அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

ஏரியில் களை எடுப்பது, தூர்வாருவது பற்றிய பேச்சு அடிக்கடி கிளம்புகிறது. தூர்வாராதீர்கள் என்று சொல்ல நான் எழுதவில்லை. இயந்திரம் இறங்கும் முன், மூன்று நான்கு இடங்களில் குழாய் இறக்கி, அடிச்சேற்றை அடுக்குக் கலையாமல் எடுத்துப் பாருங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

சில வருடங்களுக்கு முன் எங்கள் ஊர்க் கண்மாயில் வண்டல் அள்ளினார்கள். ஜேசிபி வெட்டிய குழியின் சுவர் ஆள் உயரத்துக்கு நின்றது. மேலே கறுப்பு வண்டல், அதில் பாலித்தீன் கிழிசல்கள். கீழே பழுப்பு மண். நடுவில் இரண்டு விரல் கனத்துக்கு ஒரு வெள்ளை மணல் கோடு. மடை பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் அந்தக் கோட்டைக் குச்சியால் தொட்டு, "இது மேலக் கண்மாய் ஒடைஞ்ச வருசம் வந்த மணலு" என்றார். மறுநாள் அந்தச் சுவரும் டிராக்டரில் ஏறி வயலுக்குப் போய்விட்டது. வயலுக்கு நல்லதுதான். அவர் படித்துச் சொன்னதை மட்டும் யாரும் எழுதி வைக்கவில்லை, நான் உட்பட.

கண்மாய் கோடையில் வறண்டு வெடிக்கும், மாடு மிதிக்கும், அடுக்குகள் கலங்கும். கொடைக்கானல் ஏரி அப்படியில்லை. 1863இல் லெவிஞ்ச் என்ற மதுரைக் கலெக்டர் ஓடைநீரைக் கரை கட்டித் தேக்கியதிலிருந்து, மலைச்சரிவில் கழுவி வந்ததெல்லாம் அதன் அடியில் வருடம் வருடமாகப் படிந்துகொண்டிருக்கிறது. எத்தனை ஓட்டல் எப்போது வந்தது, கழிவுநீர் எப்போது ஏரிக்குள் வரத் தொடங்கியது என்பதற்கு அலுவலகத்தில் கோப்பு இருக்கிறதோ இல்லையோ, சேற்றில் இருக்கும்.

அதைப் படிக்கும் முறையும் புதிதல்ல. குழாயில் வந்த சேற்றை ஒரு சென்டிமீட்டர், அரை சென்டிமீட்டர் கனத்தில் வில்லை வில்லையாக அறுப்பார்கள். காற்றிலிருந்து எப்போதும் விழுந்துகொண்டிருக்கும் ஈயம்-210 என்ற கதிரியக்க ஈயம் பாதியாகக் குறைய ஏறத்தாழ 22 ஆண்டுகள் ஆகும். அது எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்த்தால் சுமார் 150 ஆண்டுகள் வரை ஒவ்வொரு வில்லைக்கும் வயது சொல்லலாம். உங்கள் ஏரிக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி! சரிபார்க்க சீசியம்-137 என்ற இன்னொரு கதிரியக்கப் பொருள் உண்டு: வானில் வெடித்த அணுகுண்டுச் சோதனைகளின் தூசு 1963 வாக்கில் உச்சம் தொட்டது. நிலநடுக்கோட்டுப் பக்கம் அந்தத் தடயம் மங்கல்தான், அதனால் அதை மட்டும் நம்ப முடியாது.

வயது தெரிந்த பிறகு, ஒவ்வொரு வில்லையிலும் என்ன இருக்கிறது என்று பார்க்கலாம். டையாட்டம் என்ற நுண்பாசியின் கண்ணாடி ஓடு எளிதில் மக்காது. தெளிந்த நீரில் வாழும் வகை வேறு, சாக்கடை கலந்த நீரில் பெருகும் வகை வேறு. ஒன்று குறைந்து மற்றது ஏறும் இடம்தான் ஏரி கெடத் தொடங்கிய காலம். யூகலிப்டஸ் மகரந்தம் பெருகத் தொடங்கும் அடுக்கு, சோலையும் புல்வெளியும் தோட்டமாக மாறிய காலத்தைக் காட்டும்.

ஏரி கெட்டதற்குக் காரணம் கேட்டால், இங்கே ஓட்டல்காரர் படகைக் காட்டுகிறார், படகுக்காரர் ஓட்டலைக் காட்டுகிறார். ஸ்காட்லாந்தின் ரவுண்ட் லாக் ஆஃப் கிளென்ஹெட் ஏரி அமிலமாக மாறியபோதும் இதே கதைதான். நிலப் பயன்பாடு மாறியதுதான் காரணம் என்று ஒரு தரப்பு, அனல்மின் நிலையப் புகை என்று மறு தரப்பு. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் ரிக் பேட்டர்பீயும் அவர் குழுவும் அடிச்சேற்று டையாட்டங்களைப் பார்த்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்தே நீர் அமிலமாகி வந்திருந்தது. கூடவே நிலக்கரிப் புகையின் கரித்துகள்களும் அகப்பட்டன. வாதம் அதோடு வலுவிழந்தது.

தூர்வாருவதற்கே நேராக உதவிய கதை ஸ்வீடனின் வெக்ஷோ நகரத்து டிரம்மன் ஏரி. 1950களின் கடைசியில் கழிவுநீரை நிறுத்தியும் ஏரி தெளியவில்லை. சேற்றைப் பார்த்தால், மேலே சமீப காலத்துக் கறுப்புச் சேறு, கீழே பழைய பழுப்புச் சேறு. மேலடுக்கில் தேங்கிய பாஸ்பரஸ்தான் பாசியை வளர்த்துக்கொண்டிருந்தது. 1970, 1971 இரண்டு ஆண்டுகளில் ஏறத்தாழ ஒரு மீட்டர் மட்டும் உறிஞ்சி எடுத்தார்கள். ஏரி மீண்டது. எவ்வளவு ஆழம் தோண்டுவது என்று சேறே சொல்லிவிட்டது. நம் ஊரில் அதைக் கன மீட்டர் கணக்கும் பட்ஜெட்டும் சொல்கின்றன.

கொடைக்கானலுக்கு இன்னொரு பயமும் உண்டு: பாதரசம். தெர்மாமீட்டர் தொழிற்சாலை 2001இல் மூடப்பட்டது. அதன்பின் வந்த ஆய்வு ஏரியின் நீரிலும் சேற்றிலும் மீனிலும் பாதரசம் இருப்பதைக் காட்டியது. அந்த அடுக்கு எந்த ஆழத்தில் புதைந்திருக்கிறது, மேலே எவ்வளவு சேறு மூடியிருக்கிறது என்று தெரியாமல் கிளறினால், அடங்கிக் கிடப்பதை நாமே நீரில் கலக்கிவிடுவோம். அள்ளிய சேற்றை எங்கே கொட்டுவீர்கள் என்பது அடுத்த கேள்வி. காய்கறித் தோட்டத்துக்கு உரமாகப் போய்விடக் கூடாது.

அப்புறம், "பழைய நிலைக்கு மீட்போம்" என்ற அறிவிப்பு. எந்தப் பழைய நிலை? 1863க்கு முன் அங்கே ஏரியே இல்லை. எந்தப் பத்தாண்டின் நீரை இலக்காக வைப்பது என்பதை நாம்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2000ஆம் ஆண்டு நீர்ச் சட்டம், ஒப்பீட்டு நிலையை வகுக்க இத்தகைய பழம்படிவுச் சான்றுகளையும் ஏற்கிறது. இங்கேயும் வழி இருக்கிறது. நீலகிரிச் சதுப்புகளின் மக்கிய மண்ணைப் படித்து, அங்கே புல்வெளியும் காடும் பல்லாயிரம் ஆண்டுகளாக மாறி மாறி வந்ததை 1993இலேயே நம் விஞ்ஞானிகள் காட்டினார்கள். இத்தகைய படிவுகளை ஆராய லக்னோவில் பீர்பல் சாஹ்னி நிறுவனம் இருக்கிறது, அகமதாபாத்தில் இயற்பியல் ஆய்வுக்கூடம் இருக்கிறது.

எனவே ஒப்பந்தப் புள்ளி கோரும் முன், ஏரியின் ஆழமான, முன்பு தோண்டாத இடங்களில் சேற்றுக் குழாய் எடுங்கள். மீனும் படகும் கலக்கிய இடத்தைத் தவிருங்கள். பாதி வில்லைகளைக் குளிரறையில் பத்திரப்படுத்துங்கள், பத்து வருடம் கழித்து வேறு கேள்வியோடு யாராவது வருவார்கள். முடிவுகளைத் தமிழில், படகுத் துறையில் எல்லோரும் பார்க்கும்படி ஒட்டுங்கள். இதற்குச் சில மாதங்கள் பிடிக்கும். 160 ஆண்டுச் சேறு அதுவரை காத்திருக்கும்.

குழாய் இறக்கும் நாளை முன்கூட்டிச் சொன்னால் வந்துவிடுகிறேன். எங்கள் ஊர்ப் பெரியவரையும் கூட்டி வர ஆசை.

இப்படிக்கு,
கீழ்நாட்டுக் கண்மாய்க்காரன் ஒருவன்