மிக்ஜாம் புயலில் உடைந்த எங்கள் ஜன்னல்களுக்காக வந்து நின்றவர்களுக்கு நன்றி

தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவைச் சேர்ந்த அனைவருக்கும் வணக்கம்.

2023 டிசம்பர் 4 அன்று மிக்ஜாம் கரையைத் தொடாமல் கடலில் இருந்தபடியே சென்னையை அடித்து நொறுக்கியபோது, வாடைக்காற்றின் முழு வேகமும் எங்கள் வீட்டின் வடக்கு ஜன்னல்கள் மேல்தான் விழுந்தது. மாடியில் தாத்தா வைத்த தேக்கு ஜன்னல்கள், கீழே அலுமினிய ஸ்லைடிங். இரண்டும் சரியாகி, இழப்பீடும் வந்துவிட்டது. நேரில் சொன்ன நன்றி போதாது என்று மனம் அடித்துக்கொள்வதால் இந்த மடல்.

எதிர்வீட்டு அக்கா, காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் நீங்கள். தெருவில் தண்ணீர் வடியும் முன்பே வந்து, "கண்ணாடியைக் கூட்டி அள்ளுவதற்கு முன் படம் எடுங்கள், எந்த ஜன்னல், எந்தப் பக்கம் என்று தெரிய வேண்டும்" என்றீர்கள். எங்களுடையது பாரத் கிருஹ ரக்ஷா என்ற வீட்டுக் காப்பீட்டு பாலிசி, 2021 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது, புயலும் வெள்ளமும் அதில் அடக்கம், தேய்மானம் மட்டும் சேராது என்று விளக்கியதும் நீங்கள்தான். எதைக் காட்ட வேண்டும் என்பதே எங்களுக்கு அப்போதுதான் புரிந்தது.

தச்சர் பெரியவரே, உங்களை நினைக்கும்போதெல்லாம் நெஞ்சு நிறைகிறது. உளியின் பிடியால் சட்டத்தை அங்குலம் அங்குலமாகத் தட்டி, காதைக் கொடுத்துக் கேட்டீர்கள். கணீரென்று ஒலித்த இடத்தில் மரம் கெட்டி. மொத்தென்று ஒலித்த இடத்தில் உள்ளே உளுத்துப்போயிருந்தது. எல்லாவற்றையும் பெயர்த்துவிட்டுப் புதிதாகப் போடலாம் என்று சொல்லியிருந்தால் உங்களுக்குக் கூலி அதிகம். நீங்களோ, ஊறிய கதவை இப்போது இழைக்கக் கூடாது, காய்ந்து சுருங்கியதும் இடைவெளி விழும், பொறுங்கள் என்றீர்கள். தாத்தாவின் தேக்கு பிழைத்தது உங்களால்.

அலுமினியக் கடைத் தம்பிக்கும் எங்கள் அன்பு. கீழ்த்தளத்தில் தண்ணீர் உள்ளே வந்ததற்குக் கண்ணாடி காரணமல்ல, கீழ்ச்சட்டத்தில் நீர் வடியும் துளைகள் மண்ணடைத்துக் கிடக்கின்றன என்று கண்டுபிடித்து, கம்பியால் குத்தி எடுத்துவிட்டுக் காசு வாங்காமல் போனார். உடைந்தவற்றுக்குக் கண்ணாடி, ரப்பர் பட்டை, உருளை, கூலி எனத் தனித்தனியே எழுதிக் கொடுத்த எஸ்டிமேட்டும் அவருடையதே.

சேதத்தை மதிப்பிடக் காப்பீட்டு நிறுவனம் அனுப்பிய சர்வேயர் ஐயாவுக்குத் தனியாகவே சொல்ல வேண்டும். மாடி ஜன்னலில் கீல் பிய்ந்த இடத்தைக் காட்டி, "உள்மரம் வெளுப்பாகத் தெரிகிறது, தூசி படியவில்லை, இது புதிய முறிவு" என்று குறித்துக்கொண்டார். சமையலறை ஜன்னலுக்கு மட்டும் இழப்பீடு தர முடியாது என்றார். அதன் திருகாணிகள் காசிமேட்டுக் கடல் காற்றில் பல வருடமாகத் துருப்பிடித்து உதிர்பவை. ஒன்றைக் கழற்றி என் உள்ளங்கையிலேயே வைத்து விளக்கினார். அந்தத் தொகை எங்களுக்கு இல்லாமல் போனது. ஆனால் எடுத்துக்காட்டிச் சொன்ன அந்த முறையால் அவர்மேல் மதிப்பு கூடியது.

கொட்டும் மழையில் தார்ப்பாய் கட்டிக்கொடுத்த பக்கத்துவீட்டுப் பிள்ளைகளே, உங்களையும் மறக்கவில்லை.

எங்கள் எஸ்டிமேட், படங்கள், கிளைம் படிவத்தின் நகல் எல்லாம் ஒரு கோப்பில் இருக்கின்றன. இந்தத் தெருவில் யாருக்குத் தேவைப்பட்டாலும் வந்து வாங்கிக்கொள்ளலாம். படிவம் நிரப்ப நானும் கூட உட்காருகிறேன்.